மில்டவுன் மால்பே வில்லி கிளான்சி வாரம்: பிள்ளைகளோட போகலாமா, இல்ல வெறும் பப் கூட்டமா?

மழைக்கோட்டு (டப்ளின்) | ஜூன் 4

வணக்கம் மக்களே. அயர்லாந்து வந்து மூணு வருஷம் ஆச்சு. மார்ச் 17 பேட்ரிக் தின ஊர்வலத்துக்கு மூணு தடவையும் போயாச்சு. பச்சைத் தொப்பி, ஒட்டுத்தாடி, முன்னாடி நிக்கிற ஆறடி ஆளோட முதுகு. நான் பார்த்த ஐரிஷ் பண்பாடு இவ்வளவுதான். பொண்ணுக்கு 11 வயசு, கர்நாடக வயலின் ஆன்லைன்ல கத்துக்கிறா. "இவங்க பாட்டெல்லாம் எங்கம்மா?"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல.

ஆபீஸ்ல கிளேர் கவுண்டிக்காரர் ஒருத்தர், "ஜூலை முதல் வாரம் மில்டவுன் மால்பே இசை விழாவுக்குப் போ, வேற எங்கயும் போகாதே"ங்கறார். வீட்டுக்காரர், "பப்ல நடக்கிற விழாவுக்குக் குழந்தையைக் கூட்டிட்டுப் போறதா?"ன்னு நிக்கறார். மாமியார் வேற கும்பகோணத்திலிருந்து வந்திருக்காங்க. யாராவது போயிருக்கீங்களா?

கிளேர்வாசி (எனிஸ்) | ஜூன் 4

போகாத வருஷம் குறைவு. நம்ம வீட்டிலிருந்து முக்கால் மணி நேரக் கார் பயணம்.

முதல்ல ஒண்ணு தெளிவாகட்டும் அக்கா. இது திருவிழா மாதிரி தெரியும், ஆனா அடிப்படையில் பள்ளிக்கூடம். ஐரிஷ் பேரே 'ஸ்கோல் சவ்ரி வில்லி கிளான்சி', அதாவது வில்லி கிளான்சி கோடைப் பள்ளி. ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்கும். காலையில் வகுப்பு, மதியம் உரை, கச்சேரி, ராத்திரி 'கேலி' நடனம். (பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க, அவங்க யாரையும் கேலி பண்ணல. சேர்ந்து ஆடுற கூட்டத்துக்கு அதுதான் பேர்.) மிச்ச நேரத்தில் அந்த ஒரே பிரதான வீதியில் இருக்கிற பப், சமையலறை, நடைபாதை எல்லா இடத்திலும் யாராவது வாசிச்சிட்டிருப்பாங்க.

வில்லி கிளான்சி 1918ல் அந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர். தச்சு வேலை. இல்லன் பைப்ஸ்ங்கற ஐரிஷ் பைக்குழல் வாசிச்சவர். அப்பா புல்லாங்குழல்காரர், அந்த அப்பா கேட்டு வளர்ந்தது கேரட் பேரி என்ற கண் தெரியாத பைப்பர்கிட்ட. குதிரை வண்டியில் ஊர் ஊராப் போன ஜானி டோரனைக் கேட்ட பிறகுதான் கிளான்சிக்குப் பைப்ஸ் பைத்தியம் பிடிச்சது. வேலை தேடி லண்டன் போனார், அப்பா இறந்த பிறகு ஊருக்கே திரும்பினார். 1973 ஜனவரியில் 54 வயசில் திடீர்னு போயிட்டார். மிரிஷ் ஓ ரோஹான், மார்ட்டின் டால்ட்டி, ஜூனியர் கிரீஹன்னு சிநேகிதர்கள் சேர்ந்து, சிலை வைக்கிறதுக்கு முன்னாடி பள்ளி ஆரம்பிச்சாங்க, அதே கோடையில். சிலை ரொம்பப் பின்னால்தான் வந்தது. அந்த வரிசைதான் எனக்குப் பிடிச்சது.

இல்லன் பைப்ஸ் பத்தி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்துக்காரங்க மாதிரி வாயால ஊதறதில்ல. ஒரு முழங்கைக்குக் கீழ துருத்தி, இன்னொரு முழங்கைக்குக் கீழ காற்றுப் பை. 'இல்லன்'னாலே முழங்கைதான். உட்கார்ந்துதான் வாசிக்கணும். மூணு குழல் விடாம சுருதி பிடிக்கும், நம்ம நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி. ஆனா இங்க ஒத்தும் நாகஸ்வரமும் ஒரே ஆள் மடியில். ஏழு வருஷம் கத்து, ஏழு வருஷம் சாதகம் பண்ணி, ஏழு வருஷம் வாசிச்சாத்தான் பைப்பர்னு சொல்வாங்க. 2017ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பப் சட்டம்: 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை பெற்றோரோட இருக்கணும். மே முதல் செப்டம்பர் வரை ராத்திரி 10 மணிக்கு மேல 18 வயசு ஆகாதவங்க பப்பில் இருக்கக் கூடாது. ஜூலையில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால குழந்தைக்கு ஒண்ணும் குறையாது. டீ கேட்டா டீ தருவாங்க. யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

தஞ்சாவூரான்72 (லிமரிக்) | ஜூன் 5

எல்லாரும் ஒரேயடியா உருகறீங்களே. பண்பாடுன்னு சொல்லி ரூம் வாடகையை ஏத்தறதுதான் இந்த ஊர்களோட பிழைப்பு. டிங்கிள், கில்லார்னி, டூலின் எங்க போனாலும் அதே பாட்டு, அதே கருப்பு பீர், அதே கம்பளிச் சட்டை. அமெரிக்காவிலிருந்து பாட்டன் வீட்டைத் தேடி வர்றவங்களுக்காகப் போட்ட நாடகம். பேட்ரிக் தினத்தையே எடுத்துக்கோங்க. ஊர்வலத்தை வளர்த்தது நியூயார்க்கும் பாஸ்டனும். ஆத்துல பச்சைச் சாயம் கொட்டினது சிகாகோ. இங்க 1960களின் தொடக்கம் வரைக்கும் அன்னைக்கு பப்பையே பூட்டி வச்சிருந்தாங்க! டப்ளினில் இப்ப நடக்கிற பெரிய விழா 1996ல் ஆரம்பிச்சது. இதுல எது பழசு, எது மரபு?

கிளேர்வாசி | ஜூன் 5

அண்ணா, வாடகை விஷயத்தில் நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. அந்த வாரம் மில்டவுனில் அறை கிடைச்சா லாட்டரி. லஹின்ச், குயில்டி, எனிஸ்டைமன் பக்கம் தேடணும்.

ஆனா மில்டவுனை டூலினோட சேர்க்காதீங்க. டூலின் பக்கத்து மோஹர் செங்குத்துப் பாறையைப் பார்க்க வர்ற பஸ் கூட்டம் மில்டவுனில் நிக்கறதில்ல. அங்க வர்றவங்க பாதிக்கு மேல கையில் ஒரு பெட்டியோட வருவாங்க, உள்ளே ஒரு வாத்தியம் இருக்கும். ஜப்பான், பிரிட்டனி, ஆஸ்திரேலியான்னு எங்கிருந்து வந்தாலும் கத்துக்கத்தான் வர்றாங்க. வேடிக்கை பார்க்க வந்தவங்களுக்கு உட்கார நாற்காலியே இருக்காது, அதுதான் வித்தியாசம். வாசிக்கிறவங்க வட்டமா ஒருத்தரை ஒருத்தர் பார்த்து உட்கார்ந்திருப்பாங்க. நமக்குத் தெரியறது முதுகுதான். (மழைக்கோட்டு அக்கா மன்னிக்கணும், மறுபடியும் முதுகு!)

யாழ்செல்வி (லண்டன்) | ஜூன் 5

நாங்கள் போன வருசம் போனனாங்கள். எனக்கு நடந்ததைச் சொல்லுறன், மற்ற ஆக்கள் அந்தப் பிழையை விடாதேங்கோ.

ஒரு சின்ன பப். ஏழெட்டுப் பேர் வாசிச்சுக்கொண்டிருந்தவை. நான் கைத்தொலைபேசியைத் தூக்கி வீடியோ எடுத்தன். என்ரை மனுசன் தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கிட்டார். ரெண்டு நிமிசத்தில பாட்டு நிண்டு போச்சு. ஒருத்தரும் பேசேல்லை, தங்கடை கிளாசைப் பார்த்துக்கொண்டு இருந்தவை. பிறகு ஒரு வயசுபோன மனுசி எனக்குப் பக்கத்தில வந்து மெதுவாச் சொன்னா: "எங்களைக் கேட்டுப் போட்டு எடு பிள்ளை." எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா அவ கோவிக்கேல்லை. தன்ரை வாங்கில இடம் தந்தவ.

தஞ்சாவூர் அண்ணைக்கு ஒரு விசயம். பப்பில இருந்து வாசிக்கிறது ஆதிகாலத்து மரபு இல்லை எண்டு அந்த மனுசியே சொன்னவ. முந்தி வீட்டுக் குசினியளில தான் ஆட்டமும் பாட்டும். 1935இல ஒரு சட்டம் வந்தது, உரிமம் இல்லாமல் நடன மண்டபம் நடத்தேலாது எண்டு. சட்டம் மண்டபத்துக்குத் தான். ஆனா பாதிரிமாரும் பொலிசும் வீட்டு ஆட்டத்தையும் அதைச் சொல்லியே நிப்பாட்டினவை. பிறகு சனமும் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போட்டுது. இங்கை லண்டனில கேம்டன் டவுன் பக்கம் கட்டட வேலை செய்த பெடியளுக்குக் குசினி எங்கை? வாடகை அறை. அதால பப்பில கூடி வாசிச்சவை. அந்தப் பழக்கம் பிறகு ஊருக்குத் திரும்பிப் போச்சுது.

எனக்கு அதைக் கேக்க என்னவோ செய்தது. எங்கடை ஆக்களும் இங்கை பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தானே பரதநாட்டிய அரங்கேற்றம் செய்யினம்.

தஞ்சாவூரான்72 | ஜூன் 6

தங்கச்சி, இது எனக்குப் புதுசு. 1935 சட்டம் பத்திக் கேள்விப்பட்டதில்லை. சரி, பப் விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வர்றேன். வாடகை விஷயத்தில் இறங்க மாட்டேன்.

பிடில்பித்தன் (கார்க்) | ஜூன் 6

வயலின் கற்கும் பெண் வருகிறாள் என்பதால் எழுதுகிறேன். இதை மட்டும் பயணத்துக்கு முன் சரிசெய்துகொள்ளுங்கள்.

கர்நாடக வயலினில் நாம் ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டுகிறோம். அங்கே எல்லோரும் மேற்கத்திய முறைப்படி ஜி-டி-ஏ-இ. தந்திகளை மாற்றாமல் வகுப்பில் உட்கார்ந்தால், விரல் வைத்த இடத்தில் எல்லாம் வேறு ஸ்வரம் வரும், குழந்தை அழுதுவிடுவாள். தந்தித் தொகுப்பையே மாற்றுவது நல்லது. நம் தந்திகளை அந்தச் சுருதிக்கு இழுத்தால் அறுந்துபோகலாம். இன்னொன்று, வயலினை மோவாய்க்குக் கீழே பிடிக்கப் பழக்குங்கள். சம்மணமிட்டுக் கணுக்காலில் சுருளை ஊன்றும் நம் முறையை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வகுப்பில் நாற்காலிதான்.

பயப்பட ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பெரிய வசதி உண்டு. பெரும்பாலும் காகிதம் கிடையாது, காதால் கேட்டுக் கற்பதுதான். ஆசிரியர் ஒரு சின்ன சங்கதியை வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்பார்கள், அடுத்த துண்டு. பாட்டி வாய்ப்பாடமாகச் சொல்லித்தருகிற மாதிரியே. பெரும்பாலான மெட்டுக்கு இரண்டு பகுதிகள், பகுதிக்கு எட்டு தாள அளவைகள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. அதை இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் வேறு மெட்டுக்குத் தாவுவார்கள். தாவும் அந்த நொடியில் கூட்டத்தில் ஒரு சின்ன 'ஹப்' சத்தம் எழும். அதற்காகவே போகலாம்.

நடையும் நமக்குப் பழக்கமானதுதான். ஜிக் என்றால் தகிட தகிட. ரீல் என்றால் தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக்கில் மூன்று தகிட, ஒன்பது. கமகம் இல்லை, ஆனால் ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் தொட்டுச் சுழற்றும் 'ரோல்' உண்டு. எழுதிக் காட்டினால் ஒன்றுமில்லை, அது இல்லாமல் வாசித்தால் மெட்டு செத்துப்போகும். மேற்குக் கிளேர் வாசிப்பு கொஞ்சம் நிதானம். வேகத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு ஸாகித்யம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்கிறோம். அவற்றில் 'வந்தே மீனாக்ஷி' லிமரிக் என்ற ஐரிஷ் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். லிமரிக், கிளேருக்கு அடுத்த கவுண்டி. உங்கள் மகள் அந்த மெட்டை ஏற்கெனவே வாசித்திருக்கக்கூடும்!

மழைக்கோட்டு | ஜூன் 7

அய்யோ, வந்தே மீனாக்ஷி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு! சொன்னதும் குதிக்கிறா. தந்தி வாங்கியாச்சு. குயில்டியில ஒரு வீட்டுல நாலு ராத்திரிக்கு இடம் கிடைச்சிருக்கு. வகுப்புக்குப் பதிவு பண்ணியாச்சு. வீட்டுக்காரர் இன்னும் முகத்தைத் தூக்கி வச்சிட்டிருக்கார், ஆனா கார் ஓட்ட ஒத்துக்கிட்டார்.

ஒரு சந்தேகம். அங்க ஐரிஷ் மொழி பேசுவாங்களா? நாலு வார்த்தை கத்துக்கிட்டுப் போகவா?

தஞ்சாவூரான்72 | ஜூன் 7

கத்துக்கிட்டுப் போங்க, தப்பில்ல. ஆனா அந்த ஊரில் ஐரிஷ்தான் வீட்டு மொழின்னு நினைக்காதீங்க. கேல்டாக்ட்னு அரசு அறிவிச்ச ஐரிஷ் மொழிப் பகுதிகள் டானிகல், மேயோ, கால்வே, கெரி, கார்க், வாட்டர்ஃபோர்டு, மீத் கவுண்டிகளில் இருக்கு. கிளேர் அந்தப் பட்டியலில் இல்லை.

மொழின்னதும் டிங்கிள் கூத்து ஞாபகம் வருது. கேல்டாக்ட் ஊர்ங்கறதால 2005ல் ஆங்கிலப் பேரை எடுத்துட்டு 'ஆன் டேங்கன்' மட்டும் போதும்னு அரசு சொல்லிடுச்சு. ஊர்க்காரங்க கொதிச்சுட்டாங்க. சுற்றுலாக்காரன் எப்படி வழி கண்டுபிடிப்பான், கடை எப்படி ஓடும்னு. 2006ல் ஊரே வாக்களிச்சு ரெண்டு மொழிப் பேரும் வேணும்னுச்சு. பலகையில் யாரோ ஸ்ப்ரே பெயிண்டில் டிங்கிள்னு எழுதி வச்சிருந்ததை நானே பார்த்தேன். நம்ம ஊரில் 2020ல் 1018 ஊர்ப் பேர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாத்தி அரசாணை போட்டு, அப்புறம் திரும்ப வாங்கினாங்களே, அதுக்கு அண்ணன் இது. அங்க மொழிப்பற்று இல்லாம இல்ல. ஆனா சோறு போடறது சுற்றுலா. இதைச் சொன்னா நான் கெட்டவன்.

கிளேர்வாசி | ஜூன் 7

யாரும் கெட்டவன்னு சொல்லல அண்ணா :) நீங்க ஒரு தடவை வந்து பாருங்க, ரூம் வாடகை நான் பாதி தர்றேன்.

அக்கா, மூணு வார்த்தை போதும். 'ஸ்லான்ச்சா' (நம்ம 'சியர்ஸ்' மாதிரி) சொல்லி டீக்கோப்பையைக் கூடத் தூக்கலாம். 'கோ ரவ் மஹ அகத்' நன்றி. 'கிராக்' எப்படின்னு கேட்டா, யாருக்கோ மூளை கலங்கிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கலகலப்பு எப்படின்னு கேக்கறாங்க.

மட்டுறுத்துநர் | ஜூன் 8

விசா கேள்விகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறோம். சுருக்கமாக: ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது. மற்றவை அங்கே.

யாழ்செல்வி | ஜூன் 8

கொன்செர்ட்டினாவைப் பாக்காமல் வராதேங்கோ. கையுக்குள்ள அடங்கிற அறுகோணப் பெட்டி, நடுவில துருத்தி. கிளேரில அது பொம்பிளையளின்ரை வாத்தியம் எண்டு சொல்லுவினம். கில்ரஷில பப் நடத்தின திருமதி எலிசபெத் கிராட்டி தான் அதில பேர் போனவ. 1960இல காலமானவ. இண்டைக்கும் ஆக்கள் 'மிசிஸ் கிராட்டி' எண்டு தான் மரியாதையாச் சொல்லுகினம், முதற்பேர் சொல்லுறேல்லை.

மழைக்கோட்டு | ஜூலை 14

வந்தாச்சு. எழுத நேரமே கிடைக்கல, மன்னிக்கணும்.

நல்லதல்லாததை முதல்ல சொல்லிடறேன். நாலு நாளில் மூணு நாள் மழை, அதுவும் பக்கவாட்டில். காரை நிறுத்த இடம் தேடியே வீட்டுக்காரர் ஆயுசில பாதி போச்சு. முதல் ராத்திரி நாங்க போன பப் ஒண்ணுல மூச்சு விட இடமில்ல, ஒரு ஸ்வரம் கூடக் காதில் விழல. வெளியே தெருவில் நனைஞ்சிட்டே நாலு பசங்க வாசிச்சதுதான் அன்னைக்குக் கேட்ட கச்சேரி. அதுல ஒருத்தன் போரான் தட்டினான். ஆட்டுத்தோல் போர்த்தின வட்டப் பறை, சின்னக் கட்டையால தட்டறாங்க. மாமியார் அதைப் பார்த்துட்டு, "கஞ்சிராவுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கே"ன்னாங்க.

பொண்ணு முதல் நாள் அழுதுட்டுத்தான் வந்தா. பிடில்பித்தன் சார் சொன்ன மாதிரி தந்தி மாத்தியும் விரல் பழைய இடத்துக்கே ஓடுது. ஆசிரியை ஒண்ணும் சொல்லல. ரெண்டாம் நாள், "உன் பாட்டு ஒண்ணு வாசி"ன்னிருக்காங்க. இவ வந்தே மீனாக்ஷி வாசிச்சிருக்கா. "இது எங்களுக்குத் தெரிஞ்ச மெட்டு மாதிரி இருக்கே"ன்னு ஒரு பையன் கேட்டானாம். இவ கதையைச் சொல்ல, வகுப்பில் யாரும் நம்பலயாம்! மூணாம் நாள் ஒரு ஜிக் முழுசா வந்துடுச்சு. பேர் என்னன்னு கேட்டா, ஆசிரியைக்கே பேர் ஞாபகம் இல்ல. "யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு தெரியும், பேர் தெரியாது"ன்னாங்களாம்.

மாமியார் கதைதான் பெரிய கதை. பப்புக்குள்ள வர மாட்டேன்னு கார்லயே உட்கார்ந்திருந்தவங்க, மழையில கார்க் கண்ணாடி மூடி ஒண்ணும் கேக்கலன்னு உள்ளே வந்துட்டாங்க. ஒரு தாத்தா எழுந்து மூலையில் இடம் கொடுத்தார். டீ வந்துச்சு. இவங்க புடவைத் தலைப்பைப் போர்த்திக்கிட்டு, மடியில் சத்தமில்லாம தாளம். ரெண்டு ரீல் நல்லா ஓடுச்சு. மூணாவதில் கை தடுமாறிடுச்சு. முகத்தைச் சுருக்கிட்டு மறுபடி போட்டுப் பார்க்கறாங்க. என்கிட்ட குனிஞ்சு, "ஒம்போது வருதேன்னு சங்கீர்ணம் போட்டுப் பாத்தேன்டி, சேரல. இது திஸ்ரமே மூணு தடவை!" ஸ்லிப் ஜிக். கன்செர்ட்டினா வாசிச்சிட்டிருந்த அம்மா இவங்க விரலைப் பார்த்துட்டே இருந்திருக்காங்க. மெட்டு முடிஞ்சதும் இவங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாங்க. இவங்களும் ஆட்டினாங்க. ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு வார்த்தை பேச்சு இல்ல.

பத்து மணிக்குக் குழந்தையைக் கூட்டிட்டுக் கிளம்பணும்னு எழுந்தோம். மாமியார், "சட்டம் குழந்தைக்குத்தானே, எனக்கில்லியே"ன்னாங்க. கடைசியில் நானும் பொண்ணும் கார்ல, அம்மாவும் பிள்ளையும் பப்ல. பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தாங்க.

கிளேர்வாசி | ஜூலை 14

வீட்டுக்காரர் பன்னிரண்டு வரைக்கும் பப்பிலா? ஜூன் மாசம் இந்த இழையின் முதல் பதிவில் என்னமோ படிச்ச ஞாபகம்.

பிடில்பித்தன் | ஜூலை 15

குழந்தையின் கர்நாடக ஆசிரியர் என்ன சொன்னார்?

மழைக்கோட்டு | ஜூலை 15

ஆன்லைன் வகுப்பில் அந்த ஜிக்கை வாசிச்சுக் காட்டினா சார். ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "ஹரிகாம்போதி ராக வாசனை அடிக்குதே, இன்னொரு தடவை வாசி"ன்னார். பேர் கேட்டார். "பேர் தெரியாது சார், யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு தெரியும்"னு இவ சொல்றா.

தஞ்சாவூரான்72 | ஜூலை 16

குயில்டியில தங்கின வீட்டு விவரத்தைத் தனிமடலில் அனுப்புங்கம்மா. எனக்கில்ல. வீட்டுல கேக்கறாங்க.